திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டியவர்

அந்த அம்மாவால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாது. பாதியில் தலை இடது தோளுக்கு மேலாகப் பின்பக்கம் திரும்பிவிடும். என் ஷெட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் அப்படித்தான். அவருக்குப் பின்னால் சுவரும், அதில் சாய்த்து வைத்த பழைய டயர்களும் தவிர வேறொன்றும் இருக்காது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி என் பக்கம் வந்து, பேச்சை விட்ட இடத்திலேயே சரியாகப் பிடித்துக்கொள்வார்.

"டயர் எங்கியும் ஓடிடாதும்மா, பயப்படாதீங்க" என்று கிண்டல் செய்வேன்.

"யாருக்குத் தெரியும் நைனா, நீ மாட்டுன டயராச்சே" என்பார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மனம் வரவில்லை. ஷெட்டில் எங்களுக்குள் அவர் ஸ்லோ அம்மா. அவர் மெதுவானவர் என்பதால் அல்ல. அவர் கொண்டுவந்த நோய் அது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜின் அணையக் கூடாது. நின்ற இடத்திலேயே சின்னச் சத்தத்தில், ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைத்தான் எங்கள் தொழிலில் ஸ்லோ என்போம். அவருடைய வேனுக்கு ஸ்லோ கிடையாது. கால் வைத்தால் ஓடும், எடுத்தால் செத்துப்போகும்.

முதல் முறை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ரேணிகுண்டா ரோட்டில் என் ஷெட் வாசலில் ஒரு பழைய பெட்ரோல் வேன் வந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் உட்காருகிற பழைய மாடல். ஜன்னலுக்கெல்லாம் கட்டம் போட்ட திரை. ஓட்டுகிற இடத்தில் நரைத்த தலையோடு ஓர் அம்மா, ஆக்சிலேட்டரை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சத்தம் ஆகாது. போதாக்குறைக்கு அன்று காலையிலிருந்தே யார் மேலோ கடுப்பில் இருந்தேன்.

"காலை எடுங்கம்மா! ஊரையே கூட்டிடுவீங்க போலக் கீதே!"

"எடுத்தா ஆஃப் ஆயிடும் நைனா" என்றார். "உள்ள அவரு கீறாரு."

எடுக்கச் சொன்னேன். எடுத்தார். இன்ஜின் ஒரு முறை குலுங்கி அடங்கியது. உடனே அந்த அம்மா பின்னால் திரும்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அதில் தலையணையை முட்டுக் கொடுத்து ஒரு பெரியவர் சாய்ந்திருந்தார். மூக்கில் ட்யூப். காலடியில் ஆக்ஸிஜன் மெஷின். மெஷினுக்கு கரண்ட் கொடுப்பது ஒரு பேட்டரி. பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பது வண்டி இன்ஜின். இன்ஜின் அணைந்தால் அந்தப் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆகாவிட்டால் கட்டிலுக்கடியில் ஒரு சின்ன சிலிண்டர். அதுவும் இல்லையென்றால் அவ்வளவுதான்.

நான் கத்தியதற்கு அந்த இடத்திலேயே வெட்கப்பட்டேன். பெரியவர் ட்யூபுக்கு மேலாக என்னைப் பார்த்து, கையை லேசாகத் தூக்கி வணக்கம் வைத்தார்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போகிற வழி அது. வண்டியில் வேலை இருக்கிறது, கொண்டுவந்து விடுங்கள் என்று சொன்னேன். அவரை வார்டில் சேர்த்துவிட்டு, மத்தியானம் வெறும் வண்டியோடு அந்த அம்மா வந்தார். பாய், தலையணை, போர்வை, ஜன்னல் திரை, கரித்துணி வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு வந்திருந்தார். "இதெல்லாம் இங்கியே இருந்தா யாரும்மா தூக்கினு போவப்போறாங்க?" என்றேன். "இருக்கட்டும் நைனா" என்று மட்டும் சொன்னார்.

அவர் பஸ் ஏறிப் போன பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். காலை எடுத்தேன். இன்ஜின் அணையவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை அதன் மேல் வைத்தாலும் சிந்தாது, அவ்வளவு நிதானம். காலையில் என் கண் முன்னால் செத்த வண்டி!

ஓடுகிற வண்டியில் கோளாறு கண்டுபிடிப்பது போலக் கொடுமை வேறு கிடையாது. சும்மா அனுப்ப மனமில்லை. காற்று போகிற வழியைக் கழற்றிக் கழுவினேன். பிளக் நான்கையும் மாற்றினேன். ரப்பர் குழாய்களில் எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எர்த் வயரைச் சுரண்டிக் கட்டினேன். அந்த அம்மா வந்து எடுத்துக்கொண்டு போனார். நான்கைந்து நாள் கழித்து அவர்கள் ஊரான நகரியிலிருந்து போன்.

"நைனா, மறுபடியும் ஆஃப் ஆவுது."

அதற்கப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பார், வண்டியைத் துடைத்து வழித்துக் காலி செய்து என்னிடம் விடுவார். என்னிடம் இருக்கிற வரைக்கும் வண்டி குறை சொல்ல முடியாதபடி ஓடும். எடுத்துப் போன சில நாளில் கெட்டுவிடும். சென்சார் மாற்றினேன். பெட்ரோல் டேங்கையே இறக்கிக் கழுவினேன். ஒரு முறை பொறுமை போய், "வண்டில ஒண்ணும் இல்லம்மா, உங்க கால்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டேன்.

"இருக்கும் நைனா" என்றார். பிறகு திரும்பி டயரைப் பார்த்தார்.

அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே பெரியவர் படுத்த பிறகுதான். பெரியவரே கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாராம். "கியர்ல கை வெக்கறதுக்குள்ள மூணு தபா திட்டிடுவாரு. திட்டறதுக்கு மூச்சு கீது, மூச்சு உடறதுக்குதான் மூச்சு இல்ல" என்று அந்த அம்மா சிரிப்பார். சிக்னலில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் பைக்கில் நிற்பவர்கள் முறைப்பார்கள். அப்போதும் தப்பித்தவறி இன்ஜின் அணைந்தால், சாவியைத் திருப்புவதற்கு முன்னால் தலையைத் திருப்புவார். அவருக்கு முதலில் அதுதான். வண்டி அணைந்ததா, பெரியவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு பார்வை. அப்புறம்தான் சாவி.

ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன், ஏன் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள் என்று.

"அது தறிப் பழக்கம் நைனா" என்றார்.

நகரியில் புருஷனும் பெண்சாதியுமாக விசைத்தறி ஓட்டியவர்கள் அவர்கள். தறி ஓட்டுகிறவர் இரண்டு தறிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் சேர்ந்து அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஆனால் பின்னால் இருக்கிற தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தால் அது தானாகவே நின்றுவிடும். சத்தம் பாதியாகக் குறையும். உடனே திரும்பி, நூலை எடுத்து முடி போட்டு மறுபடி ஓட்டிவிட வேண்டும். அந்த அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி நின்றவர்.

"சத்தம் நின்னா திரும்பிடுவேன். சில நேரம் நின்னாப்ல தோணும், அப்பவும் திரும்பிடுவேன். இப்போ தறி எல்லாம் வித்தாச்சி. கழுத்துக்கு அது தெர்ல."

பெரியவருக்கு வந்தது தறிக் கொட்டகைத் தூசியால் வந்த நோய். பஞ்சு பறக்கிற இடத்தில் மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லி அந்த அம்மா சொல்லாத நாள் இல்லையாம். அவர் கேட்கவே இல்லை. வேர்க்கிறது, பீடி குடிக்க முடியவில்லை, மூஞ்சியில் துணி கட்டினால் திருடன் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு நாளைக்கு ஒரு சாக்கு. "நானும் உட்டுட்டேன் நைனா. சண்ட போட்டு கட்டியிருக்கணும். நான் மட்டும் கட்டிகினேன், அவர உட்டுட்டேன்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார். கீழே பார்ப்பார்.

இந்த வேனே நோய்க்காக வாங்கியதல்ல. பெரியவர் நன்றாக இருந்த காலத்தில் இரண்டு பேரும் ஊர் சுற்ற வாங்கியது. கட்டிலை அவரே அடித்தார். அடுப்பு வைக்க ஒரு தட்டு, தண்ணீர் கேனுக்கு ஒரு குழாய், ஜன்னல் திரைக்குத் தங்கள் தறியிலேயே நெய்த கட்டம் போட்ட துணி. நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி, சமைத்துத் தின்று, அதிலேயே படுத்துத் தூங்க வேண்டும் என்று ஆசை. ராமேஸ்வரம் வரைக்கும் ஒரே ஒரு தடவை போய் வந்தார்கள். அங்கே கடற்கரையில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டதை அந்த அம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த பயணம் போவதற்குள் பெரியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கட்டில் நகரிக்கும் திருப்பதிக்கும் நடுவில்தான் ஓடியது.

வண்டியின் கோளாறு கடைசியில் என் ஷெட்டில் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற அலிபிரி ரோட்டில், பட்டப்பகலில் பிடிபட்டது.

அன்றைக்கு மலைக்குப் போகிற கூட்டம் அதிகம். ஜீப்பும் பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. அந்த நெரிசலில் வேன் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்கும், மறு நிமிஷம் அணையும். எனக்கு போன் வந்தது. அந்த அம்மா குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"நைனா, சிலிண்டர் போட்டுட்டேன். சீக்கிரம் வா நைனா."

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். போய்ச் சேர்ந்தபோது ஒரு கான்ஸ்டபிள் கண்ணாடியைத் தட்டி, "பண்டி தீயண்டி அம்மா, பண்டி தீயண்டி!" என்று வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவரும் வாயை மூடிக்கொண்டு பின்னால் வந்த பஸ்ஸை ஒதுக்கிவிடப் போனார். பெரியவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிலிண்டர் வேலை செய்தது. நான் முன் சீட்டைத் தூக்கி, அதற்குக் கீழே இருந்த ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தேன்.

அந்த டப்பாவை எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதற்குள் ஒரு துணியைப் பார்த்தேன். ஃபில்டரைத் தாண்டி, இன்ஜினுக்குப் போகிற பக்கம் ஒரு சின்ன ரப்பர் குழாயின் வாய் உண்டு. அதன் மேல் கட்டம் போட்ட லுங்கித் துண்டு ஒன்றை நான்காக மடித்து, தறி நூலால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு நெசவுக்காரர்கள் போடுகிற முடிச்சு. துணி எண்ணெய் ஊறிக் கருத்துப் போயிருந்தது.

காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்ததும் இன்ஜினுக்குக் காற்று போகிற பெரிய கதவு மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் அந்தச் சின்னக் குழாய் வழியாகத்தான் அது கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஸ்லோ என்பதே அந்தக் காற்றுதான்.

"இன்னாம்மா இது?"

"அதுவா? அவரு லுங்கி நைனா" என்றார் அந்த அம்மா, வெகு சாதாரணமாக. "பெரிய ஓட்டைக்கு ஃபில்டர் கீது. இந்தச் சின்ன ஓட்ட மட்டும் வாயத் தொறந்துகினே கீதே, தூசி பூந்துடாதா? ஃபில்டர்ல தூசி தட்டறதுக்கு டப்பாவத் தொறக்கறப்ப பாத்தேன். கட்டி உட்டேன்."

"எப்போ கட்டுனீங்க?"

"அவருக்கு மெஷின் வெச்சதுலேர்ந்து கட்டிகினுதான் கீறேன்."

"ஷெட்டுல உட்டப்பல்லாம் இது இல்லியேம்மா?"

"நோவு கீற மனுசன் இடுப்புல கட்டுன துணிய வேத்து எடத்துல உடக் கூடாது நைனா. எங்க ஆளுங்க உட மாட்டாங்க. பாய், தலகாணியோட இதையும் அவுத்துக்கினு போயிடுவேன். திரும்ப வந்து தொவச்சிக் கட்டுவேன்."

எல்லாம் விளங்கிவிட்டது. துவைத்துக் கட்டிய புதிதில் துணி காற்றை விடும். நாலைந்து நாளில் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். என்னிடம் வருவதற்கு முன்னால் அதை அவிழ்த்துவிடுவார். அத்தனை நாள் நான் மூக்கில் துணி இல்லாத வண்டியைத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நூலை அறுத்து துணியை எடுத்தேன். சாவியைத் திருப்பச் சொன்னேன். இன்ஜின் பிடித்தது. "இப்போ காலை எடுங்க" என்றேன். எடுக்கப் பயந்தார். இரண்டாவது முறை சொன்ன பிறகு மெதுவாக எடுத்தார். வண்டி அணையவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. என் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"அப்போ இத்தினி நாளும் நான்தான் அதோட மூச்ச அடச்சிகினு இருந்தனா?"

கட்டிலிலிருந்து பெரியவர்தான் சிரித்தார். நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நான் கட்டிக்கல இல்லப்பா... அதான்... வண்டிக்குக் கட்டிட்டா. பாவம் அது... வேர்க்குதுனு... சொல்லவா முடியும்?"

அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எண்ணெய்த் துணியை என்னிடமிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். புடவை பாழாகும் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் நன்றாகப் போயிற்று. வண்டியை ரிப்பேருக்கு விட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் ஷெட்டைத் தாண்டிப் போகாமல் வாசலில் நிறுத்துவார். களியும் வேர்க்கடலைத் துவையலும் தூக்கில் கொண்டுவருவார். நான் தின்று முடிக்கும் வரைக்கும் வண்டி வாசலில் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்கும். "கேளு நைனா, கேளு. கொழந்த தூங்கறாப்ல ஓடுது" என்பார். அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். அந்த அம்மா திரும்பிப் பார்ப்பது குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் முழு டீயையும் குடித்து, பேத்தியின் காதுகுத்துக் கதை முழுவதையும் சொல்லி முடித்தார். ஒரு தடவைகூடத் தலை திரும்பவில்லை.

"இன்னாம்மா, டயர் மேல நம்பிக்க வந்துடுச்சா?" என்றேன்.

"சத்தம் வந்துகினு கீதே நைனா. சத்தம் வந்தா அவரு நல்லா கீறாருனு அர்த்தம்" என்றார்.

கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு இரண்டு களி உருண்டை கூடச் சாப்பிட்டேன்.

பெரியவருக்கு மறுபடி ஊர் சுற்றுகிற ஆசை வந்துவிட்டது. ராமேஸ்வரம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் தடாவுக்கு அந்தண்டை பழவேற்காடு ஏரி இருக்கிறதே, தண்ணீர் தண்ணீர்தானே என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தார். கிளம்புவதற்கு முன்னால் அந்த அம்மா என்னிடம் வந்து, "ஏரிக்கரையில நிறுத்தினா மத்தியானம் பூரா ஓடணும். ஓடுமா?" என்று கேட்டார். பெல்ட், தண்ணீர், ஆயில் எல்லாம் பார்த்தேன். ஸ்லோவில் வெகுநேரம் ஓடவிட்டுக் காட்டினேன். "தைரியமா போங்கம்மா. உங்க வண்டி ஆஃப் ஆனா என் பேர மாத்தி வெச்சிக்கிறேன்" என்றேன்.

போகிற வழியில் போன் செய்தார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"நைனா, சத்தியவேடு தாண்டியாச்சி. வரதய்யபாளையத்துல டீ குடிச்சிகினு கீறோம். வண்டிய ஆஃப் பண்ணவே இல்ல, அப்டியே ஓடிகினு கீது. இரு, அவரு இன்னமோ சொல்றாரு." போன் கை மாறியது. மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு பெரியவர் குரல், "டீ... நல்லா கீதுப்பா." அவ்வளவுதான். போன் மறுபடி அந்த அம்மாவிடம் போய்விட்டது.

அதற்கப்புறம் பல நாள் பேச்சில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஏரியில் சந்தோஷமாக இருந்துவிட்டு வந்து அலுப்பில் கிடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் முற்பகல் வேன் வாசலில் வந்து நின்றது. இந்த முறை சத்தம் போடவில்லை. அமைதியாக ஸ்லோவில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா இறங்கி வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. எனக்கு அந்த நெற்றியே போதுமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். அவரே சொன்னார்.

"பின்கதவத் தொறந்து உட்டேன் நைனா, தண்ணி தெரியறாப்ல. கொக்கு கொக்கா உக்காந்துகினு இருந்துச்சி. மஞ்ச மூக்கு நாரை ஒண்ணு கிட்டவே வந்துச்சி. காட்டுனேன், பாத்தாரு. சோறு துன்னாரு. வெயிலு ஏறிச்சி, ஸ்க்ரீன எறக்கி உடுமேனு சொன்னாரு. உட்டுட்டு நான் முன்னால வந்து உக்காந்துகினேன். காத்து நல்லா வந்துச்சி. நானும் தண்ணியவே பாத்துகினு இருந்தேன்."

அங்கே நிறுத்தினார். தலை திரும்பி வண்டியைப் பார்த்தது. மறுபடி என் பக்கம் வந்தது.

"ரொம்ப நேரம் நைனா. நான் திரும்பவே இல்ல. சத்தம் வந்துகினே இருந்துச்சே. தறின்னா நூல் அறுந்தா நின்னுடும். நின்னா திரும்பிடுவேன். இது நிக்கவே இல்லியே நைனா. அவரு போயிட்டாரு, இது அது பாட்டுக்கு ஓடிகினு கீது. நல்லா ஓடுச்சி. அவ்ளோ நல்லா ஓடுச்சி."

கையில் வைத்திருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பழைய கோளாறோடு இருந்திருந்தால் அந்த மத்தியானம் அது பத்துத் தடவை அணைந்திருக்கும். பத்துத் தடவை இவர் திரும்பியிருப்பார். அதனால் பெரியவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் பெரியவர் இந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என் முழங்கையைத் தொட்டார்.

"உன்னச் சொல்லல நைனா. நீ நல்லாதான் செஞ்சிக் குடுத்த."

அன்றைக்கு அவர் வந்தது கட்டிலைக் கழற்றத்தான். சாந்திபுரத்தில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். மாப்பிள்ளை இந்த வண்டியில் காய்கறி ஏற்றிக்கொள்ளட்டும் என்றார். நான் கட்டிலுக்குக் கீழே குனிந்தேன். ஒவ்வொரு போல்ட் நட்டிலும் பெரியவர் ஆட்டத்தில் கழன்றுவிடாமல் இருக்கத் தறி நூலைச் சுற்றி வைத்திருந்தார். முதல் நட்டில் ஸ்பேனரை வைத்ததும், "உட்டுடு நைனா" என்றார். "காய் அப்புறம் ஏத்திக்கட்டும்."

அந்த அம்மா கிளம்பினார். நான் ரோடு வரைக்கும் கூடவே போனேன். திரும்புவதற்காக வண்டியை வாசல் முனையில் நிறுத்தினார். லாரி ஒன்று போக வேண்டியிருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்திருந்தார். இன்ஜின் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. நான் செட் பண்ணியதிலேயே நல்ல ஸ்லோ அதுதான். இன்றைக்கும் அப்படி ஒன்று எனக்கு அமையவில்லை.

லாரி போய்விட்டது. ரோடு காலியாக இருந்தது. வண்டி அணையவில்லை, எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் அந்த அம்மா இடது தோளுக்கு மேலாகத் திரும்பி, காலிக் கட்டிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.